பந்து ஆடுகிறவனுக்கு, நாற்காலி யாருக்கு?

கங்காணி என்ற சொல்லைக் கேட்டவுடனே மலைநாட்டுத் தமிழனின் நெஞ்சில் ஒரு கணக்குப் புத்தகம் விரிகிறது. ஆள் சேர்த்தவனுக்குத் தலைக்காசு. வேர்வை சிந்தியவனுக்குக் கடன். கொழுந்து கிள்ளி அறியாதவன், கவ்வாத்துக் கத்தி பிடித்தறியாதவன், தன் பின்னால் எத்தனை தலைகள் நிற்கின்றன என்ற எண்ணிக்கையைக் காட்டியே துரையிடம் மரியாதை பெற்றான். தோட்டத்திலே அம்முறை மங்கி மறைந்தது. ஆனால் அது செத்துவிட்டது என்று எண்ணுவோர் ஏமாளிகள். விளையாட்டு மைதானத்திலே மறுபிறவி எடுத்து, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, சம்மேளனத் தலைவர் என்னும் பட்டத்தோடு அது உலா வருகிறது.

பந்தை உதைப்பவன் ஒருவன். அவன் பெயரால் வாக்களிப்பவன் இன்னொருவன். அந்த வாக்குகளைத் திரட்டி நாற்காலியில் அமர்பவன் மூன்றாமவன். முதலாமவனுக்கும் மூன்றாமவனுக்கும் இடையே யாதொரு தொடர்பும் இல்லை. இந்த அநீதியைத்தான் இன்று நம் வாசகர் முன் வைக்கிறோம்.

நமக்கென்ன என்பார்க்கு

“மிளகு விலையும் உர விலையும் தரும் தலைவலி போதாதா? நமக்கேன் இந்த வம்பு?” என்று ஹுன்னஸ்கிரியவிலே மண்ணைக் கிளறி வாழும் கமக்காரர் கேட்கலாம். “சம்மேளனம் கொழும்பில் இருக்கிறது, கண்டியிலே வழக்காடும் எனக்கும், வைத்தியம் பார்க்கும் எனக்கும் அதனால் என்ன?” என்று படித்த பெருமக்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே, விடையும் உண்டு.

கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், காற்காப்பு வேண்டும், பரந்த சமதரை வேண்டும். றக்பி கண்டியின் பெரிய கல்லூரிகளின் செல்வப்பிள்ளை. உதைபந்தாட்டத்துக்கோ ஒரு பந்தும் ஒரு துண்டு நிலமும் போதும். ஆகையால் லயத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் ஆட்டம் அது. நக்கிள்ஸ் மலைச்சரிவிலே தப்பிய பந்து பள்ளத்தில் உருண்டோடும். ஒருவன் ஓடிப்போய் எடுத்துவரும் வரை ஆட்டம் நிற்கும். அங்கே நிலத்தை மட்டப்படுத்த, ஓரத்தில் ஒரு கம்பி வலை கட்ட, வாரம் ஒருமுறை ஒரு பயிற்றுநரை அனுப்ப, உலகத்திலே பணம் இல்லாமலில்லை. பிஃபா எனப்படும் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம், 2023 முதல் 2026 வரையிலான நான்காண்டுத் திட்டத்தில், ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் 80 இலட்சம் டொலர் வரை ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பணம் வந்திறங்கும் வாசலிலே அமர்ந்திருப்பவர் அந்தந்த நாட்டுச் சம்மேளனத் தலைவர். குளத்து நீரைத் திறந்துவிடும் மடையருகே நிற்பவன் யார் என்று கேட்காத கமக்காரன் உண்டோ? அதே கேள்வியைத்தான் இங்கும் கேட்கச் சொல்கிறோம்.

நம் வீட்டு நிலை

இலங்கையிலே இவ்வாட்டத்துக்குரிய சங்கம் 1939-இல் அமைந்தது. 1952-இல் பிஃபாவில் உறுப்புரிமை பெற்றது. 1995-இல் கொழும்பிலே நடந்த தென்னாசியக் கிண்ணப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவை 1–0 என்ற கணக்கில் வீழ்த்தினோம். 2006-இல் டாக்காவிலே நடந்த ஆசிய சவால் கிண்ண இறுதி ஆட்டம் வரை சென்று தஜிகிஸ்தானிடம் தோற்றோம். ஆடத் தெரியாத நாடன்று நமது நாடு.

அத்தகைய நாட்டுக்கு 2023 ஜனவரியில் நேர்ந்தது என்ன? ஜனவரி 14 அன்று சம்மேளனத்துக்குத் தேர்தல் நடந்தது. முன்னைய தலைவர் ஜஸ்வர் உமரின் வேட்பு மனு விலக்கப்பட்டது. நுவரெலியாவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜெ. ஸ்ரீரங்கா தலைவராக அறிவிக்கப்பட்டார். ஒரு வாரம் கழிந்ததுமே, வெளியார் தலையீடு என்று காரணம் கூறி, பிஃபா நம் நாட்டையே இடைநிறுத்தியது. தலைவராக வர விரும்பியோர் கொழும்பிலே வழக்கறிஞரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட வேண்டிய இளைஞர்களோ வீட்டிலே முடங்கினார்கள். அவ்வாண்டு பெங்களூரிலே நடந்த தென்னாசியச் சுற்றில் இலங்கை அணிக்கு இடமே இல்லாமற் போயிற்று. ஓகஸ்ட் மாத இறுதியில் தடை நீங்கியது. செப்டெம்பர் 29 அன்று நடந்த மறுதேர்தலில் ஜஸ்வர் உமரே வென்றார். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தது. இழந்த எட்டு மாதம் ஆட்டக்காரனுக்குத் திரும்பி வந்ததா?

இவரைப் பழிக்கவோ அவரைப் புகழவோ இதை எழுதவில்லை. இந்த நோய் தனியாளின் நோயானால் ஆளை மாற்றித் தீர்த்துவிடலாம். இது முறையில் உள்ள நோய். அதன் முழு உருவத்தைக் காண வேண்டுமானால் கடல் கடந்து அயல்வீட்டைப் பார்க்க வேண்டும். இந்தியாவிலே ஒரு வணிகர் உதைபந்தாட்டத்தின் தலைவரான வரலாறு, நமக்கெல்லாம் பாடப் புத்தகம் போல விரிந்து கிடக்கிறது.

பீடித் தொழிலிலிருந்து பந்து வரை

பிரபுல் பட்டேல் மகாராட்டிர மாநிலத்துக் கோந்தியாவைச் சேர்ந்த பீடி வணிகக் குடும்பத்தின் வாரிசு. 1991-இல் நாடாளுமன்றம் புகுந்தார். 2004 முதல் 2011 வரை இந்திய மத்திய அரசிலே விமானப் போக்குவரத்து அமைச்சராக இருந்தார். அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தை 1988 முதல் இருபதாண்டுக் காலம் ஆண்டுவந்த பிரியரஞ்சன் தாஸ்முன்சி 2008-இல் நோயுற்று வீழ்ந்தார். அவர் இடத்தைப் பட்டேல் நிரப்பினார். 2009-இல் முறையாகத் தேர்வு பெற்றார். மிகப் பழைய அரசியல்வாதிக்குப் பின் மிகச் செல்வாக்குள்ள வணிகர்! இருவருக்கும் நடுவே, இரத்தம் கட்டிய முழங்காலோடு அந்நாட்டுக்காக ஆடிய எவரும் அந்த நாற்காலியின் அருகே வர முடியவில்லை.

நீதியாகப் பேசுவோம். அவர் காலத்திலே நன்மை எதுவும் விளையவில்லை என்று கூறுவது பொய். 2015-இல் உலகத் தரவரிசையில் 173-ஆம் இடத்திற் கிடந்த இந்தியா, 2017 ஜூலையில் 96-ஆம் இடத்துக்கு ஏறியது. அதே ஆண்டு ஒக்டோபரில், 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணத்தை இந்தியா நடத்தியது. பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து கண்டு களித்தனர். 2019-இல் பட்டேல் பிஃபாவின் ஆட்சி மன்றத்துக்கே தேர்வானார். அவ்விடம் பெற்ற முதல் இந்தியர் அவரே. வணிகருக்கு உரிய துணிவும், பெரியோரைச் சந்திக்கும் திறனும், மேடை அமைக்கும் ஆற்றலும் அவரிடம் இருந்தன. மறுப்பாரில்லை.

ஆனால் மேடைக்கு அடியிலே என்ன நடந்தது?

மொத்தக் குத்தகை

2010 டிசெம்பரில் அவருடைய சம்மேளனம் ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் என்னும் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. பதினைந்தாண்டு, 700 கோடி இந்திய ரூபா, தேசிய அணி முதல் எதிர்கால லீக் வரை வணிக உரிமை அனைத்தும் ஒரே கையில். மலைநாட்டிலே நமக்கு இது புதுக்கதையன்று. 1992-இல் அரசுத் தோட்டங்கள் கம்பனிகளின் நிருவாகத்துக்குக் கைமாறியபோது, கைமாறும் தோட்டத்திலே வாழ்ந்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குத்தகைப் பத்திரத்திலே செடிக்குக் கணக்குண்டு, செடியின் கீழ் நிற்பவனுக்குக் கணக்கில்லை.

ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டே, 1996–97-இல் இந்தியாவின் முதலாவது தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. ஆலை அணி கலைந்தது. மகிந்திரா அணியோ ஒப்பந்தத்துக்கு முன்னரே, 2010-இல் கலைந்திருந்தது. 2014-இல் சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் நட்சத்திரங்களும் புடைசூழ இந்தியன் சூப்பர் லீக் என்னும் புதுத் திருவிழா தொடங்கியது. பழைய லீக்கில் ஆடிய கழகங்கள் பந்தியிலே கடைசி இலைக்குத் தள்ளப்பட்டன. 2016-இல் கோவாவின் சல்கோக்கர், ஸ்போர்ட்டிங் ஆகிய புகழ்பெற்ற கழகங்கள் தேசிய லீக்கிலிருந்தே விலகின. 2019-இல் பழைய லீக் அதிகாரபூர்வமாக இரண்டாம் தரமாயிற்று. விதை நெல்லை விற்றுப் பந்தல் போட்ட கதை!

பந்தலாவது நிலைத்ததா? பதினைந்தாண்டு முடியும் தறுவாயில், அடுத்த ஒப்பந்தம் இன்னதென்று தெரியாமல், 2025 ஜூலையில் அந்தச் சூப்பர் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைக் கழகம் தன் பணிகளை இடைநிறுத்தியது; பெங்களூர்க் கழகம் ஆட்டக்காரரின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டவர் அப்போது பதவியில் இல்லை. குத்தகைக்காரனும் கணக்கை மூடிவிட்டுப் போகலாம். ஆட்டத்தை நம்பி அடுப்பெரித்தவன் எங்கே போவான்?

இறங்க மறுத்த நாற்காலி

அப்போதைய இந்திய விளையாட்டு நெறிமுறையின்படி ஒரு சம்மேளனத் தலைவர் பன்னிரண்டாண்டுக்கு மேல் பதவி வகிக்க இயலாதிருந்தது. 2016-இல் நடந்த தேர்தல் அந்த நெறிமுறைக்கு மாறானது என்று கூறி, 2017 ஒக்டோபரில் தில்லி உயர்நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்து, புதிய யாப்பு வரையுமாறு முன்னாள் தேர்தல் ஆணையர் குரைஷியையும் முன்னாள் வீரர் பாஸ்கர் கங்குலியையும் பணித்தது. 2020 டிசெம்பரில் பட்டேலின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தலோ நடக்கவில்லை. யாப்பு நீதிமன்றத்திலே நிலுவையில் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட சமாதானம். வழக்கு முடியும் வரை வாடகை வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்பாரைப் போல, மேலும் ஒன்றரையாண்டு கழிந்தது. 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் அவரை அகற்றி, மூவர் குழுவொன்றிடம் நிருவாகத்தை ஒப்படைத்தது.

பிஃபா விழித்துக்கொண்டது. ஒருவர் காலம் கடந்து நாற்காலியில் இருந்தபோது உறங்கிய பிஃபா, நீதிமன்றம் தலையிட்டதும் எழுந்து, ஓகஸ்ட் 15 அன்று, இந்தியா தன் சுதந்திர தினம் கொண்டாடிய நாளிலேயே, அந்நாட்டை இடைநிறுத்தியது.

யார் தலையில் இடி விழுந்தது? கேரளத்தின் கோகுலம் கழகப் பெண்கள் அணி, ஆசியக் கழகப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கெந்து நகரிலே போய் இறங்கியிருந்தது. பயணப்பையைத் திறக்குமுன் செய்தி வந்தது, நீங்கள் ஆடக்கூடாது என்று. தேசத்தின் பெண்கள் லீக்கை வென்று, ஆடும் உரிமையைக் காலால் சம்பாதித்து, கடல் கடந்து சென்ற அப்பெண்கள், ஒரு பந்தும் உதைக்காமல் திரும்பினர். அவர்கள் செய்த குற்றம் யாது? எந்தத் தேர்தலிலே வாக்களித்தார்கள்? எந்த ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டார்கள்? வேலி பயிரை மேய்ந்தது, தண்டனை பயிருக்கு!

முப்பத்து மூன்றும் ஒன்றும்

இனி, இந்தக் கதையின் உச்சக் கட்டத்தைக் கேளுங்கள். மாநிலச் சங்கங்கள் மட்டுமே வாக்களிக்கும் பழைய முறையை மாற்றி, புகழ்பெற்ற முன்னாள் ஆட்டக்காரர் 36 பேருக்கும் வாக்குரிமை அளிப்பது என்று ஓர் ஏற்பாடு முன்வைக்கப்பட்டது. பிஃபா அதை ஏற்கவில்லை. நிருவாகக் குழுவில் 25 விழுக்காடு முன்னாள் ஆட்டக்காரர் இருந்தாற் போதும் என்றது. ஏற்பாடு கைவிடப்பட்டது, மூவர் குழு கலைந்தது, ஓகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. செப்டெம்பர் 2 அன்று தேர்தல் நடந்தது.

ஒரு பக்கம் பாய்ச்சுங் பூட்டியா. இந்திய உதைபந்தாட்டத்தின் பெயர் கேட்டவுடன் எவர் நாவிலும் எழும் பெயர். மறு பக்கம் முன்னாள் வாயிற்காப்பாளரும் ஆளுங்கட்சிக்காரருமான கல்யாண் சௌபே. மொத்த வாக்கு 34. சௌபேக்கு 33, பூட்டியாவுக்கு 1. சௌபேயும் ஆடியவரே, அதை மறைப்பதற்கில்லை. ஆட்டக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதன்முறை. ஆனால் ஆடியவர்கள் வாக்களித்திருந்தால் கணக்கு இப்படியா இருந்திருக்கும்? வணிகர் போனார்; வணிகர் ஏறிய ஏணி அப்படியே நின்றது. 2017-இல் தொடங்கிய யாப்பு வழக்கு 2025 செப்டெம்பர் 19 அன்றுதான் தீர்ப்பைக் கண்டது. ஒரு நாற்காலியின் காலைச் சீர்செய்ய எட்டாண்டு!

இந்த ஏணியைச் செய்த தச்சர் யார் தெரியுமா? பிரேசிலின் பேருந்து வணிகர் ஜோவா ஹவலாஞ்சு. 1958 முதல் பிரேசில் விளையாட்டுச் சம்மேளனத்தின் தலைவர்; 1974-இல் பிஃபாவின் தலைவர். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாக்கு என்ற விதியை ஆங்கிலேயர் ஸ்டான்லி ரூஸ் அலட்சியம் செய்தார். ஹவலாஞ்சு ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பறந்து அவ்வாக்குகளைத் திரட்டினார். ஏழை நாடுகளுக்கு உலகக் கிண்ணத்திலே கூடுதல் இடம் கிடைத்தது, அது நன்மை. விளம்பர நிறுவனங்களின் பணம் வெள்ளமாய் வந்தது, அதுவும் உண்மை. அவ்வெள்ளம் எங்கே பாய்ந்தது என்பது 2012-இல் சுவிற்சர்லாந்து நீதிமன்றப் பத்திரங்கள் வெளியானபோது உலகுக்குத் தெரிந்தது. உரிமைகளை வாங்கி விற்ற நிறுவனத்திடம் அவர் பணம் பெற்றிருந்தார். 2013-இல் கௌரவத் தலைவர் பதவியைத் துறந்தார்.

அதே 2013-இல் நம் நாட்டுக்கும் தலைகுனிவு நேர்ந்தது. இலங்கைச் சம்மேளனத்தின் தலைவராக இருந்து, பிஃபாவின் நிருவாகக் குழு வரை உயர்ந்த மணிலால் பெர்னாண்டோவுக்கு, ஒழுக்க விதிகளை மீறினார் என்று பிஃபா எட்டாண்டுத் தடை விதித்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அதை வாழ்நாள் தடையாக உயர்த்தியது. பிரேசிலும் இந்தியாவும் இலங்கையும் மொழியால் வேறு, நிறத்தால் வேறு. ஏணி ஒன்றே.

பணக்காரன் வராவிட்டால் பணம் வருமா?

“எல்லாம் சரி, ஐயா. பணமுள்ளவன் வந்தாற்றானே பணம் வரும்? பந்துக்கும் பயணத்துக்கும் காசு யார் தருவார்?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. நல்ல கேள்வி. வணிகர் வரட்டும், அணியை ஆதரிக்கட்டும், மைதானம் கட்டட்டும், தம் கடையின் பெயரைச் சட்டையிலே அச்சிடட்டும். கோயிலுக்கு மணி வாங்கித் தந்தவருக்கு மாலை போடுகிறோம். உண்டியற் சாவியைக் கொடுக்கிறோமா? கொடையாளி வேறு, அறங்காவலன் வேறு. வாங்குபவரும் விற்பவரும் ஒரே மேசையின் ஒரே பக்கத்தில் அமர்ந்தால், விலை பேசப்படுவது யாருடைய பொருள்?

“அப்படியானால் அமைச்சரிடம் ஒப்படைப்போமே” என்பார் வேறு சிலர். 1973-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு அளித்திருக்கும் அதிகாரம் கொஞ்சமன்று. அதைக் கொண்டு கண்ட பலன் என்ன? அமைச்சர் கை வைத்தால் பிஃபா தடை விதிக்கிறது. கை வைக்காவிட்டால் நாற்காலி நகர மறுக்கிறது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. அரசின் கையாலன்றி, ஆட்டத்துக்குச் சொந்தக்காரரின் கையாலேயே இம்முறை திருத்தப்பட வேண்டும்.

திருத்தம் என்ன என்பதையும் கூறிவிடுகிறோம். லீக்குகளின் செயலாளர் மட்டும் வாக்களிப்பது போதாது. ஆடுவோர், ஆடி ஓய்ந்தோர், பெண்கள் அணியினர், நடுவர், பயிற்றுநர் ஆகியோருக்கும் வாக்கு வேண்டும். தலைவருக்குக் கால எல்லை வேண்டும். எல்லை முடிந்த அன்றே, வழக்கிருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் இறங்க வேண்டும். நாட்டின் ஆட்டத்தை நீண்ட குத்தகைக்கு விடும் எவ்வொப்பந்தமும் பொதுச்சபை முன் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும். அதில் மாவட்ட மைதானங்களுக்குரிய பங்கு எழுத்திலே இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பணம் எவ்வளவு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போயிற்று என்ற கணக்கு, சிங்களத்திலும் தமிழிலும் ஆண்டுதோறும் அச்சாக வேண்டும். இவற்றுள் எதுவும் அரசியல் தலையீடன்று. எதற்காகவும் பிஃபா நம்மைத் தண்டிக்கக் காரணமில்லை.

வாசகர் செய்ய வேண்டியது

இதைக் கொழும்பு தானாகச் செய்யும் என்று காத்திருப்பது, மடையைத் திறக்காமல் வயல் நனையும் என்று காத்திருப்பதற்கு ஒப்பாகும். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு வானத்திலிருந்து விழுவதன்று. கழகத்திலிருந்து லீக்குக்கும், லீக்கிலிருந்து கொழும்புக்கும் அது படியேறிச் செல்கிறது. முதற்படி நம் ஊரிலே இருக்கிறது. அந்தப் படியிலே நாம் நிற்காததால்தான் வேறெவரோ நிற்கிறார்.

வழக்கறிஞரே, உம் ஊர்க் கழகத்தின் யாப்பை ஒருமுறை வாங்கிப் படியும். கணக்காளரே, அதன் வரவு செலவைக் கேட்டுப் பாரும். ஆசிரியரே, உம் மாணவருள் ஆடுவோரைக் கழகத்திலே பெயர் பதியச் செய்யும். கமக்கார நண்பரே, சந்தையிலே தராசு முள்ளை உற்று நோக்கும் உம் கூரிய கண், ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே ஒரு மணி நேரம் இருந்தாற் போதும். எத்தனையோ தலைக்கணக்கு அம்பலமாகும். தோட்டத்து இளைஞரே, உங்களுக்குக் கழகம் இல்லையானால் கழகம் அமையுங்கள்; அமைத்தால் பதியுங்கள்; பதிந்தால் வாக்கைக் கேளுங்கள்; பெற்ற வாக்கை ஒரு நேரச் சோற்றுக்கும் ஒரு நாட் பயணத்துக்கும் விற்காதீர்கள்.

2024 செப்டெம்பரிலே நம் தேசிய அணி கம்போடியாவின் மண்ணிலே தண்ட உதையில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு முன்னேறியது. இடைநிறுத்தத்திலிருந்து மீண்டு ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் கிடைத்த வெற்றி அது. புலம்பெயர்ந்த நம் நாட்டவரின் பிள்ளைகள் அந்நிய நாட்டுப் புற்றரையிலே பழகி வந்து அவ்வணிக்குத் தோள் கொடுத்தார்கள், அவர்களை வரவேற்கிறோம். ஆனால் நக்கிள்ஸ் அடிவாரத்திலும் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் அவர்களுக்கு நிகரான கால்கள் இல்லையென்று எவர் சொல்ல முடியும்? தேடிப் பார்த்தவர் யார்? தேடுவதற்கு அனுப்பப்பட்டவர் யார்? அனுப்ப வேண்டிய பணம் எந்த மடையிலே நின்றது?

அடுத்த தேர்தல் வருமுன்னே இந்தக் கேள்விக்கு விடை வாங்குங்கள்.